நூறு பிடிஎஃப் சேர்ந்துவிட்டது, அப்புறம்? இலக்கிய மீளாய்வுக்கு ஆதாரங்களை அடுக்குவது எப்படி

'இலக்கிய மீளாய்வு' என்ற சொல்லை முதல் முறை கேட்டவர்களில் சிலராவது, கவிதையும் நாவலும் படிக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். இங்கே இலக்கியம் என்பது ஒரு கேள்வியைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட ஆய்வுகள் மொத்தத்தையும் குறிக்கிறது. பேச்சில் எல்லோரும் லிட்ரேச்சர் ரிவியூ என்றே சொல்கிறோம். உங்களுக்கு முன்னால் யார் யார் இந்தக் கேள்வியைத் தொட்டார்கள், என்ன கண்டார்கள், எங்கே முட்டிக்கொள்கிறார்கள், எந்த மூலையை யாருமே பார்க்கவில்லை என்று எடுத்துச் சொல்லி, அந்த மூலையில் உங்கள் ஆய்வை நிறுத்துவதுதான் இதன் வேலை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலானோர் தடுக்கி விழுவது படிப்பதிலோ எழுதுவதிலோ அல்ல, இரண்டுக்கும் நடுவே. என் கதையும் அதுதான். ஆய்வைத் தொடங்கிய மூன்றாம் மாதத்தில் என் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் நூற்றுக்கு மேல் பிடிஎஃப் கோப்புகள் கிடந்தன. பாதிக்குப் பெயரே இல்லை, நீளமான எண்கள்தான். ஒரே கட்டுரையை மூன்று முறை இறக்கி வைத்திருந்தேன். படித்ததெல்லாம் நினைவில் இருந்தது. எதை எதில் படித்தேன் என்பது மட்டும் இல்லை. நெறியாளர் "இதைச் சொன்னது யார்?" என்று கேட்ட ஒரு வரிக்காக இரண்டு நாள் தேடினேன். கடைசியில் அந்த வரியையே நீக்கிவிட்டேன்.

அதன் பிறகு ஒருநாள் உட்கார்ந்து ஃபோல்டர்களை அழகாகப் பிரித்தேன். 'கோட்பாடு', 'ஆய்வுமுறை', 'முக்கியமானவை', 'பிறகு படிக்க'. பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் பிரச்சினை தீரவில்லை. ஒரு நல்ல கட்டுரை கோட்பாட்டையும் பேசும், முறையையும் பேசும், ஒரு முடிவையும் சொல்லும். அதை எந்த ஃபோல்டரில் போடுவது? மூன்றிலும் போட்டால் குழப்பம், ஒன்றில் போட்டால் மற்ற இரண்டு இடத்தில் தேடும்போது கிடைக்காது.

நான் செய்த தவறு, கட்டுரைகளை அடுக்கியது. மீளாய்வு எழுத உட்காரும்போது நமக்குத் தேவைப்படுவது 'இந்தக் கட்டுரை எங்கே?' என்பதற்கான பதில் மட்டுமல்ல. 'இந்த விஷயத்தைப் பற்றி யாரெல்லாம் என்ன சொல்லியிருக்கிறார்கள்?' என்பதற்கான பதில். முதல் கேள்விக்கு அலமாரி போதும். இரண்டாவதற்குக் கட்டுரைக்குள் இருக்கும் கருத்துகளைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து அடுக்க வேண்டும். அதனால் இந்த வேலையை மூன்று தளங்களாகப் பார்ப்பது நல்லது. ஆதாரம் எது என்ற பதிவு, அது என்ன சொல்கிறது என்ற குறிப்பு, மற்றவற்றோடு அது எப்படி நிற்கிறது என்ற அட்டவணை. பலர் முதல் தளத்தில் நாள்கணக்காகச் செலவிட்டு, மூன்றாவதைத் தொடாமலே எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

பதிவு: சலிப்பான வேலை, ஒரே முறை செய்தால் போதும்

இதற்கு மென்பொருள்கள் இருக்கின்றன. ஜோட்டரோ 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையத்தில் உருவானது, திறந்த மூல மென்பொருள். மெண்டலி என்று இன்னொன்று, 2013இல் எல்செவியர் பதிப்பகம் அதை வாங்கிவிட்டது. எண்ட்நோட் காசு கொடுத்து வாங்குவது. லேடெக் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருளில் எழுதுபவர்களுக்கு ஜாப்ரெஃப் ஒத்துவரும். எதை எடுக்கலாம் என்று ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உங்களோடு வேலை செய்பவர்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதையே எடுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் ஜோட்டரோ. பிடிக்காவிட்டால் பட்டியலை முழுவதுமாக ஏற்றுமதி செய்து வேறொன்றுக்கு மாறிக்கொள்ளலாம்.

மென்பொருள் வேலையைக் குறைக்கும். ஆனால் அது கொண்டுவரும் விவரத்தை அப்படியே நம்பக் கூடாது. பிரவுசரில் ஒரு பொத்தானை அழுத்தினால் தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாம் தானாக வந்து உட்காரும். அதில் ஆண்டு தவறாக இருக்கலாம், தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கலாம், பக்க எண் இல்லாமல் போகலாம். குறிப்பாகப் பெயர்கள். இந்த மென்பொருள்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று என்று எடுத்துக்கொள்கின்றன. முன்னெழுத்தோடு ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களை அவை இரண்டாக வெட்டிவிடும். சில சமயம் முன்னெழுத்தே குடும்பப் பெயராகிவிடும். ஜோட்டரோவில் பெயரை ஒரே கட்டமாக மாற்றும் வசதி இருக்கிறது. சேர்த்த உடனேயே அரை நிமிடம் பார்த்துத் திருத்திவிடுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முந்தைய இரவு இருநூறு பெயரைத் திருத்துவது வேறு அனுபவம்.

கட்டுரைக்கு டிஓஐ எண் இருந்தால் அதைக் கட்டாயம் பதியுங்கள். 10 என்று தொடங்கும் அந்த எண், கட்டுரைக்கான நிரந்தர அடையாளம். இதழின் வலைத்தளம் மாறினாலும் அந்த எண்ணை வைத்துக் கட்டுரையைப் பிடித்துவிடலாம். சாதாரண இணைப்புகள் அப்படியல்ல, இன்று திறக்கும், அடுத்த ஆண்டு திறக்காது. வலைப்பக்கத்தை ஆதாரமாக எடுத்தால் பார்த்த தேதியையும் ஒரு நகலையும் சேர்த்து வையுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்க 'ஆண்டு, முதல் ஆசிரியர், இரண்டு சொல்லில் பொருள்' என்ற ஒழுங்கு போதும். அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

ஒரே ஆய்வு இரண்டு மூன்று வேடத்தில் வருவதையும் கவனியுங்கள். முதலில் முன்பதிப்பாக (ப்ரீபிரிண்ட், அதாவது இதழில் வரும் முன்பே இணையத்தில் வெளியிடும் வடிவம்), பிறகு மாநாட்டுக் கட்டுரையாக, கடைசியில் ஆய்விதழில். தலைப்பு லேசாக மாறியிருக்கும். இவற்றைத் தனித்தனியாக எண்ணினால் 'மூன்று ஆய்வுகள் இதையே சொல்கின்றன' என்று எழுதிவிடுவீர்கள். உண்மையில் ஒருவரே மூன்று முறை சொல்லியிருப்பார். இறுதி வடிவத்தை முதன்மைப் பதிவாக வைத்து மற்றவற்றை அதோடு இணைத்துவிடுங்கள்.

பதிவின் இன்னொரு பாதியைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை: தேடலையும் பதிய வேண்டும். எந்தத் தேதியில், எந்தத் தரவுத்தளத்தில், என்ன சொற்களைப் போட்டுத் தேடினீர்கள், எத்தனை கிடைத்தது, எத்தனையை எடுத்தீர்கள். நாலு வரி. மருத்துவம் போன்ற துறைகளில் முறைசார் மீளாய்வு (சிஸ்டமேட்டிக் ரிவியூ, அதாவது முன்கூட்டியே வகுத்த விதிப்படி தேடித் தொகுப்பது) எழுதுபவர்களுக்கு இது விருப்பம் அல்ல, கட்டாயம். அவர்கள் பின்பற்றும் பிரிஸ்மா நெறிமுறை 2009இல் வந்து 2020இல் புதுப்பிக்கப்பட்டது. எத்தனை கிடைத்தன, எத்தனை கழிந்தன, ஏன் கழிந்தன என்று ஒரு வரைபடமாகவே காட்டச் சொல்கிறது. நீங்கள் அந்த வகை மீளாய்வு எழுதாவிட்டாலும் தேடல் குறிப்பு உதவும். ஒரு கட்டுரையை வேண்டாம் என்று ஒதுக்கினால் காரணத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்து அதே கட்டுரை மறுபடி கண்ணில் படும், மறுபடி படிப்பீர்கள், மறுபடி ஒதுக்குவீர்கள்.

குறிப்பு: யார் குரல் எது?

எல்லாவற்றிலும் முக்கியமான தளம் இது. ஒரு கட்டுரையைப் படித்து முடித்ததும் குறைந்தது அரைப் பக்கம் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். என்ன கேள்வி கேட்டார்கள், எப்படிப் பதில் தேடினார்கள், என்ன கண்டார்கள், அதில் எதை நம்பலாம், என் ஆய்வுக்கு இது எதற்கு. கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத முடியவில்லையென்றால் அந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டியதில்லையோ என்று யோசிக்கலாம்.

மஞ்சள் நிறத்தில் கோடிடுவது குறிப்பு எடுப்பது ஆகாது. கோடு போட்டபோது ஏன் போட்டோம் என்பது கோட்டில் இருக்காது. நானும் பக்கம் பக்கமாக மஞ்சள் அடித்தவன்தான். திரும்பிப் பார்த்தபோது மஞ்சள் மட்டும்தான் இருந்தது.

குறிப்பில் மூன்று குரல்கள் கலந்திருக்கும். ஆசிரியரின் சொல் அப்படியே, ஆசிரியரின் கருத்து உங்கள் சொல்லில், அப்புறம் உங்கள் சொந்த எண்ணம். இந்த மூன்றையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடிய வேண்டும். அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு. கருத்தை மட்டும் எடுத்தால் குறி இல்லாமல், ஆனால் பக்க எண் உண்டு. சொந்த எண்ணமென்றால் முன்னால் 'நான்:' என்று போட்டு எழுதுங்கள். அசட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும். மேற்கோள் குறி போடாமல் ஒட்டி வைத்த ஒரு வாக்கியம், ஆறு மாதம் கழித்து நீங்களே எழுதியது போலத் தோன்றும். நல்ல வாக்கியமாக இருந்தால் இன்னும் ஆபத்து, பெருமையோடு ஆய்வேட்டில் சேர்த்துவிடுவீர்கள். கருத்துத் திருட்டில் சிக்கும் எல்லோரும் வேண்டுமென்றே செய்தவர்கள் அல்ல. பலருக்கு அது குறிப்பேட்டில் நடந்த விபத்து.

இன்னொரு அடையாளமும் வேண்டும்: இதை மூலத்தில் நானே படித்தேனா, அல்லது இன்னொருவர் சொன்னதாகப் படித்தேனா? இது சின்ன விஷயம் போலத் தெரியும். 2003இல் சிம்கின், ராய்சவுத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் புகழ்பெற்ற ஒரு இயற்பியல் கட்டுரையை மேற்கோள் காட்டிய சுமார் 4,300 இடங்களைப் பார்த்தார்கள். 196 இடத்தில் மேற்கோள் விவரத்தில் பிழை இருந்தது. அதில் ஒரே பக்க எண் பிழை மட்டும் 78 முறை அப்படியே திரும்ப வந்திருந்தது. 78 பேரும் தனித்தனியாக அதே எண்ணைத் தவறாகத் தட்டச்சு செய்திருக்க முடியாது; ஒருவர் பட்டியலிலிருந்து மற்றவர் எடுத்திருக்கிறார். இந்தப் பிழைகள் பரவிய விதத்தை வைத்து, மேற்கோள் காட்டுபவர்களில் ஏறக்குறைய 20 விழுக்காட்டினர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். மதிப்பீடுதான், ஆனால் யாரும் பெரிதாக அதிர்ச்சியடையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பசலைக்கீரைக் கதை இன்னும் வேடிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் ஒரு தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டதால் அந்தக் கீரையில் இரும்புச்சத்து பத்து மடங்கு அதிகமாகத் தெரிந்தது என்று எங்கோ படித்திருப்பீர்கள். கவனக்குறைவுக்குப் பாடமாகச் சொல்லப்படும் கதை. 1981இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை இதைச் சொன்னது, ஆனால் ஆதாரம் தரவில்லை. பிறகு வந்தவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள், அவர்களை இன்னும் சிலர். 2010இல் ஒருவர் மூலத்தைத் தேடிப் போனபோது தசமப் புள்ளிப் பிழை நடந்ததற்கே சான்று கிடைக்கவில்லை. ஆதாரத்தைச் சரிபாருங்கள் என்று சொல்லும் கதையே ஆதாரம் சரிபார்க்கப்படாமல் ஊர் சுற்றியிருக்கிறது!

அதனால் குறிப்பில் 'மூலம்: படித்தேன்' அல்லது 'வழியாக: இன்னார் கட்டுரை' என்று ஒரு சொல் போட்டு வையுங்கள். எழுதும்போது 'வழியாக' என்று இருப்பவற்றைத் தேடிப் படியுங்கள். கிடைக்கவே இல்லையென்றால், இன்னார் எடுத்துக்காட்டியபடி என்று உள்ளது உள்ளபடி எழுதிவிடலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

இந்த அக்கறை கணினியோடு வந்ததும் அல்ல. பதினாறாம் நூற்றாண்டிலேயே சுவிட்சர்லாந்து அறிஞர் கான்ராட் கெஸ்னர், குறிப்புகளை எழுதித் துண்டு துண்டாகக் கத்தரித்து, தலைப்புவாரியாக மாற்றி மாற்றி அடுக்கும் முறையை விளக்கியிருக்கிறார். ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சுமார் 90,000 அட்டைகளில் குறிப்பெழுதி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எண்ணால் இணைப்புக் கொடுத்து வைத்திருந்தார். இன்று பலர் அவர் முறையைப் பின்பற்ற ஆசைப்பட்டு, மென்பொருளை அலங்கரிப்பதிலேயே ஒரு பருவத்தைக் கழித்துவிடுகிறார்கள். அவருக்குப் பல பத்தாண்டுகள் இருந்தன. உங்களுக்குச் சமர்ப்பிக்க ஒரு தேதி இருக்கிறது. அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒரு துண்டில் ஒரு கருத்து. ஒரு கட்டுரையிலிருந்து ஐந்து கருத்து எடுத்தால் ஐந்து துண்டு, ஐந்திலும் ஆதாரப் பெயரும் பக்க எண்ணும்.

அட்டவணை: கட்டுரைகளைப் பேசவிடும் இடம்

சரி, குறிப்புகள் சேர்ந்துவிட்டன. இனி ஒரு எக்செல் அட்டவணையைத் திறந்துகொள்ளுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு ஆய்வு. நெடுவரிசைகளில் உங்கள் கேள்விகள். இதில்தான் பலர் சறுக்குவார்கள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, இதழ் என்று நெடுவரிசை போட்டு நிரப்பினால் அது பதிவின் நகல், புதிதாக எதையும் காட்டாது.

எடுத்துக்காட்டாக, உறக்கக் குறைவு மாணவர்களின் நினைவாற்றலைப் பாதிக்கிறதா என்பது உங்கள் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். நெடுவரிசைகள் இப்படி இருக்கலாம்: யாரை ஆராய்ந்தார்கள், எத்தனை பேர், உறக்கத்தை எப்படி அளந்தார்கள், நினைவாற்றலை எந்தச் சோதனையால் அளந்தார்கள், எத்தனை நாள் கவனித்தார்கள், என்ன முடிவு, என்ன குறை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வரிசை நிரம்பியதும் இடமிருந்து வலமாகப் படிப்பதை நிறுத்திவிட்டு, மேலிருந்து கீழாகப் படியுங்கள்.

வித்தை அங்கேதான். முடிவு என்ற நெடுவரிசையில் பாதி ஆய்வுகள் 'பாதிப்பு உண்டு' என்கின்றன, மீதி 'பெரிதாக இல்லை' என்கின்றன என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அதை மட்டும் பார்த்தால் 'ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது' என்ற உயிரற்ற வாக்கியம்தான் எழுத வரும். உறக்கத்தை அளந்த விதம் என்ற நெடுவரிசையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மாணவர்களிடமே 'எத்தனை மணி நேரம் தூங்கினாய்?' என்று கேட்டு எழுதிய ஆய்வுகள். மறுபக்கம் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தவை. அப்படி அமைந்தால், முரண்பாடு முடிவுகளில் அல்ல, அளவுகோலில் இருக்கிறதோ என்ற கேள்வி உங்கள் கைக்கு வந்துவிட்டது. அதை எந்த ஒரு கட்டுரையும் தனியாகச் சொல்லியிருக்காது. மீளாய்வில் உங்கள் பங்களிப்பு என்று சொல்லக்கூடியது அதுதான்.

காலியான கட்டங்களும் பேசும். பன்னிரண்டு ஆய்வில் ஒன்றுகூட ஒரு மாதத்துக்கு மேல் கவனிக்கவில்லை என்றால் அந்தக் காலி இடம்தான் ஆய்வு இடைவெளி என்று எல்லோரும் தேடும் பொருளாக இருக்கலாம். இடைவெளி என்றதும் ஒரு எச்சரிக்கை: யாரும் செய்யவில்லை என்பதால் மட்டும் ஒன்று செய்யத் தகுந்ததாகிவிடாது.

நெடுவரிசைகள் முதல் நாளே சரியாக அமையாது. ஐந்தாறு கட்டுரை படித்தபின் ஒன்று தேவையில்லை என்று தெரியும், புதிதாக ஒன்று வேண்டும் என்று தோன்றும். மாற்றுங்கள். புதிய நெடுவரிசைக்காகப் பழைய கட்டுரைகளை மறுபடி புரட்ட வேண்டியிருக்கும், எரிச்சலாகத்தான் இருக்கும். முப்பதாவது கட்டுரையில் மாற்றுவதைவிட ஆறாவதில் மாற்றுவது மலிவு என்பதால்தான் அட்டவணையைச் சீக்கிரம் தொடங்கச் சொல்கிறேன்.

அட்டவணை இருந்தால் எழுத்தின் வடிவமும் மாறும். 'இன்னார் இப்படிக் கூறுகிறார். இன்னொருவர் அப்படிக் கூறுகிறார்' என்று பத்திக்கு ஒருவராக வரிசையில் நிறுத்தும் மீளாய்வைப் பார்த்திருப்பீர்கள். வரிசை வரிசையாக எழுதினால் அப்படித்தான் வரும். நெடுவரிசைக்கு ஒரு பத்தி என்று எழுதினால் ஒரே பத்தியில் நாலைந்து ஆய்வுகள் ஒன்றோடொன்று உரசும், கருத்து முன்னால் நிற்கும், ஆசிரியர்கள் அதற்குச் சாட்சியாக வருவார்கள்.

எப்போது நிறுத்துவது?

ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதன் துணைநூல் பட்டியலைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம். அதை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து முன்னோக்கியும் போகலாம். பின்னோக்கிப் போவது எப்போதும் முடிந்த காரியம். முன்னோக்கிப் போவதற்கு வழி திறந்தது யூஜின் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் சுட்டி (சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ், எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்ற பட்டியல்), 1964இல். இன்று கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே உள்ள ஒரு சொடுக்கில் அது கிடைக்கிறது. இரண்டு பக்கமும் போய், புதிய கட்டுரைகளெல்லாம் ஏற்கெனவே உங்கள் பதிவில் இருப்பவற்றையே சுட்டத் தொடங்கினால், அட்டவணையில் புதிய வரிசை சேர்ந்தும் புதிய செய்தி சேரவில்லை என்றால், நிறுத்திவிட்டு எழுதலாம். இன்னும் ஒன்று விட்டுப்போயிருக்குமோ என்ற பயம் இருக்கத்தான் செய்யும். எழுதும்போது தேவைப்படுவதைத் தேடிக்கொள்ளலாம்.

சமர்ப்பிப்பதற்கு முன் கடைசியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். உள்ளே மேற்கோள் காட்டிய ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உள்ளே வருகிறதா என்று பாருங்கள். இரண்டாவதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஒரு பெரிய பதிப்பகம், மேற்கோள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று காட்ட ஒரு கற்பனைக் கட்டுரையைத் தன் மாதிரிப் படிவத்தில் வைத்திருந்தது. அப்படி ஒரு கட்டுரை உலகத்திலேயே கிடையாது. படிவத்தில் எழுதியவர்கள் அதை அழிக்க மறந்தார்கள். 2017இல் இது வெளிச்சத்துக்கு வந்தபோது, அந்த இல்லாத கட்டுரைக்கு ஏறக்குறைய 400 மேற்கோள்கள் சேர்ந்திருந்தன. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் ஆதாரம் கேட்பவர்களுக்கும் இல்லாத கட்டுரைகள் கிடைக்கின்றன. பெயர், இதழ், ஆண்டு எல்லாம் கச்சிதமாக இருக்கும். நீங்கள் திறந்து பார்க்காத எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது.

அதே நாளில், உங்கள் ஆதாரங்களில் ஏதாவது திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா, அதாவது இனி நம்ப வேண்டாம் என்று இதழே விலக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழ் 2010இல்தான் முழுமையாகத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அதை இறக்கி வைத்தவரின் பிடிஎஃப் கோப்பில் அந்தச் செய்தி இருக்காது. ஜோட்டரோ இப்படித் திரும்பப் பெறப்பட்டவற்றைத் தானாகவே கண்டு எச்சரிக்கை காட்டும், ஆனால் அதற்குப் பதிவில் டிஓஐ எண் சரியாக இருக்க வேண்டும். மற்ற மென்பொருள் வைத்திருப்பவர்கள் முக்கியமான பத்துப் பதினைந்து கட்டுரைகளின் இதழ்ப் பக்கத்தை மறுபடி ஒருமுறை திறந்து பார்த்தால் போதும், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.